டக்கமினே ஈஎஃப்-360எஸ்: மூன்றாம் கம்பி மட்டும் ஏன் முனகுகிறது?

எடிசன்_நாகு

சனிக்கிழமை காலை பால் வாங்கப் போனவன் கிட்டாரோடு வீட்டுக்கு வந்தேன். பாலை மறந்துவிட்டேன், அந்தக் கதை வேறு.

இரண்டு தெரு தள்ளி ஒரு கராஜ் சேல். பனிச்சறுக்குக் கட்டைகள், பழைய தையல் இயந்திரம், அதற்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. திறந்தால் டக்கமினே. துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஈஎஃப்-360எஸ், ஜப்பான் தயாரிப்பு என்று சீட்டில் இருக்கிறது. 150 டாலர் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அண்ணனுடையது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். அதற்கு மேல் பேரம் பேச வாய் வரவில்லை.

நிலவரம் இதுதான். மேற்பலகை நன்றாகத் தேன் நிறத்துக்குப் போய்விட்டது. பிக் பட்ட கீறல்கள் நிறைய, விரிசல் எதுவும் இல்லை. கழுத்து நேராக இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடு) ஆறாம் கம்பி 3.5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, விரலுக்குக் கஷ்டம்தான். தோள் பக்கம் பக்கப்பலகையில் மூன்று ஸ்லைடர்கள்: வால்யூம், பாஸ், ட்ரெபிள். ட்ரெபிளுக்கு மூடி இல்லை.

ஆம்பில் செருகினேன், ஒன்றும் வரவில்லை. துளைக்குள் கையை விட்டுத் தடவினால் பேட்டரி அகப்பட்டது. முனையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. புது 9 வோல்ட் போட்டதும் கரகரவென்று உயிர் வந்தது. ஆனால் மூன்றாம் கம்பி மட்டும் அடுத்த அறையில் யாரோ வாசிப்பது போல முனகுகிறது. செருகாமல் வாசித்தால் ஆறு கம்பியும் ஒரே அளவில் கேட்கின்றன.

இது எந்த வருடத்துக் கிட்டார்? இணையத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் 'அபூர்வம்', 'லாசூட் காலம்' (வழக்குக் காலம்) என்கிறார்கள், அது நிஜமா? அந்த ஸ்லைடர்கள் உள்ள பெட்டியை, அதாவது பிரீஆம்பைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிடலாமா?

பல்லாவரம்_பாஸ்

அண்ணே, 150 டாலருக்கா! இங்கே அந்த விலைக்குப் புது ஒட்டுப்பலகைக் கிட்டார்தான் கிடைக்கும், அதுவும் மழைக்காலம் முடிவதற்குள் வயிறு வீங்கிவிடும்.

பிரீஆம்பை மாற்றிவிடுங்கள். புது டிஜிட்டல் பெட்டி ஒன்று போட்டால் ட்யூனர், ரிவெர்ப் எல்லாம் சேர்ந்தே வரும். நாற்பது வருடச் சாமானைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்க வேண்டும்?

சால்டரிங்_சண்முகம்

நாகு, மேலே இருப்பவர் பேச்சைக் கேட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். இன்று இரவு வந்து விரிவாக எழுதுகிறேன். அதுவரை பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கம்பியைத் தளர்த்த வேண்டாம்.

துளைக்குள், கழுத்து உடம்போடு சேரும் கழுத்துக்கட்டையில் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

எடிசன்_நாகு

81071425.

நகோயா_நடை

இதைவிடச் சுலபமான எண் வேறு எந்தக் கம்பெனியிலும் கிடையாது. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்தது மாதம், அடுத்தது தேதி, கடைசி இரண்டு அன்றைய வரிசை. 1981 ஜூலை 14, அன்றைக்கு இருபத்தைந்தாவது கிட்டார். காலண்டரில் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை.

பெயரை இங்கே ஜப்பானில் ட-க்க-மி-னே என்று நான்கு அசையும் விழச் சொல்கிறார்கள். 'டாக்கமைன்' என்றால் மருந்துக் கடைக்குத்தான் அனுப்புவார்கள்.

பல்லாவரம்_பாஸ்

எங்கள் சர்ச்சில் ஒரு பழைய டக்கமினே இருக்கிறது. ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்: 84130908. அப்படியானால் 1984, பதின்மூன்றாம் மாதம்?

நகோயா_நடை

ஜப்பானிலும் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம்தான், தம்பி. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு முறை பாருங்கள்.

பல்லாவரம்_பாஸ்

மன்னிக்கவும். அது 12. இரண்டின் வால் தேய்ந்து மூன்று மாதிரி ஆகியிருக்கிறது. 1984 டிசம்பர் 9.

ஸ்காபரோ_ரமணன்

நல்ல வேளை, போலி என்று சொல்ல வாய் எடுத்தேன்.

என்னிடம் 1977-ஆம் ஆண்டு எஃப்-360 ஒன்று இருக்கிறது, மின்சாரம் இல்லாதது. தலைப்பலகையில் பொன் எழுத்தில் 'டக்கமினே அண்ட் கோ, எஸ்ட். 1962' என்று சரிந்த கையெழுத்தாக இருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அமெரிக்காவின் மார்ட்டின் கிற்றார் என்றே நினைப்பீர்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மார்ட்டின்காரர் 'எஸ்ட். 1833' என்று போட்டால் இவர்கள் 1962 என்று போட்டார்கள், பொய் இல்லை. பட்டறை தொடங்கியது 1959, டக்கமினே என்ற மலையின் பெயரை வைத்துக்கொண்டது 1962. எழுத்தின் வளைவு மட்டும் கடன்.

இதைத்தான் விற்பவர்கள் 'லாசூட் கிற்றார்' என்கிறார்கள். உண்மையில் கோர்ட்டுக்குப் போன வழக்கு வேறு. 1977 ஜூனில் கிப்சனின் தாய்க் கம்பெனியான நோர்லின், ஐபனேஸ் கிற்றார்களை அமெரிக்காவுக்கு இறக்கிய எல்கர் கம்பெனி மேல் பிலடெல்பியாவில் போட்டது. பிரச்சினை தலைப்பலகையின் வடிவம். அடுத்த வருடம் சமரசமாக முடிந்துவிட்டது. இதில் டக்கமினேயும் இல்லை, மார்ட்டினும் இல்லை. அந்தக் காலத்து ஜப்பான் சாமான் எதைக் கண்டாலும் 'லாசூட்' என்று ஒட்டி இருநூறு டொலர் கூட்டிச் சொல்வது வியாபாரம்.

நாகு, உங்களுடைய தலைப்பலகையில் என்ன இருக்கிறது?

எடிசன்_நாகு

டக்கமினே என்ற பெயர் மட்டும்தான். கோவும் இல்லை, எஸ்ட்டும் இல்லை. அப்படியானால் என் கிட்டாருக்கு வழக்கே கிடையாது. கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது.

சால்டரிங்_சண்முகம்

ஏமாற வேண்டியதில்லை. அந்தக் கிட்டாரின் விசேஷம் தலையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது.

மாடல் பெயரிலிருந்து தொடங்குகிறேன். 'ஈ' என்றால் மின்சாரம், 'எஃப்' என்றால் ஃபோக், அதாவது இரும்புக் கம்பி. 360 என்பது மார்ட்டின் டி-28 பாணி உடம்பு. கடைசி 'எஸ்' மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம் என்று சொல்கிறது. பின்பக்கமும் பக்கங்களும் ரோஸ்வுட் தோல் ஒட்டிய ஒட்டுப்பலகை. அதை மட்டமாக நினைக்காதீர்கள். மேடைக் கிட்டாருக்கு அது நல்லது, ஈரம் மாறினாலும் பிளக்காது.

இனி பிக்கப், அதாவது கம்பியின் ஒலியை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் கருவி. எழுபதுகளில் அக்கூஸ்டிக் வாசிப்பவரின் பாடு எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மைக் முன்னால் ஆணி அடித்தாற்போல் உட்கார வேண்டும். அரை அடி நகர்ந்தால் சத்தம் போச்சு. சத்தத்தைக் கூட்டினால் மானிட்டர், அதாவது வாசிப்பவரைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர், ஊளையிடும். துளையில் காந்த பிக்கப் மாட்டினால் எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி ஒலிக்கும். அதற்காகத்தான் பீசோ வந்தது. அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் கொடுக்கும் படிகம், காந்தமே வேண்டாம்.

மேற்பலகையில் ஒட்டிய கட்டை பிரிட்ஜ், அதன் மேல் கம்பிகள் தங்கும் மெல்லிய பட்டை சேடில். மற்றவர்கள் பீசோவைச் சேடிலுக்குள்ளோ அதற்கு அடியிலோ வைத்தார்கள். டக்கமினே 1978-79 வாக்கில் வேறு வழியில் போனது. கம்பிக்கு ஒன்றாக ஆறு பீசோ, ஒவ்வொன்றுக்கும் தனி உலோகக் கூடு. எல்லாம் சேர்ந்து ஒரே சட்டம். அந்தச் சட்டம் மேற்பலகைக்கு அடியில் உட்காருகிறது. பலகையிலும் பிரிட்ஜிலும் போட்ட துளைகள் வழியாக ஆறு தலைகளும் மேலே வந்து சேடிலின் அடியை நேராகத் தொடுகின்றன. பாலதெட்டிக் என்று பெயர். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அடிப்படை இன்னும் மாறவில்லை.

உலோகக் கூடு இருப்பதால் இரைச்சல் உள்ளே ஏறாது. மேற்பலகை அதிர்வதைவிடக் கம்பியின் அழுத்தத்தையே அதிகம் வாங்குவதால் ஊளையும் குறைவு. மானிட்டரை முகத்துக்கு நேரே திருப்பி வைக்கும் நம் ஊர்க் கல்யாணக் கச்சேரியில் அதன் அருமை தெரியும்.

இப்போது உங்கள் மூன்றாம் கம்பி. ஆறு பீசோவும் கடைசியில் ஒரே ஒயரில் சேருகின்றன. அதில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் மற்ற ஐந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஒன்று மட்டும் முனகுகிறது என்றால் இரண்டில் ஒன்று. அந்தப் பீசோவின் ஒயர் விட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் சேடில் சரியாக உட்காராமல் இருக்கலாம். சுத்தமாகச் செத்திருந்தால் பக்கத்துப் பீசோக்கள் வழியாக மட்டும் மெல்லக் கேட்கும். உங்களுடையது அப்படியும் இருக்கலாம்.

ஒரு பென்சிலை எடுத்து, அதன் ரப்பர் முனையால் சேடிலின் மேல் ஒவ்வொரு கம்பிக்கும் நேராக மெல்லத் தட்டுங்கள். வால்யூம் குறைவாக இருக்கட்டும். பிறகு மூன்றாம் கம்பியின் இடத்தில் சேடிலை விரலால் அழுத்திக்கொண்டே தட்டிப் பாருங்கள். சத்தம் கூடினால் கவலையை விடுங்கள், பீசோ உயிரோடுதான் இருக்கிறது.

எடிசன்_நாகு

கூடுகிறது! அழுத்தினால் நன்றாகவே கூடுகிறது.

சால்டரிங்_சண்முகம்

அப்படியானால் கம்பிகளைக் கழற்றிச் சேடிலை உருவுங்கள். அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். யாரோ உப்புத்தாள் தேய்த்து மேடுபள்ளம் ஆக்கியிருப்பார்கள் என்பது என் கணக்கு.

ஸ்காபரோ_ரமணன்

சேடில் வெளியே வரும்வரைக்கும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சண்முகம் அண்ணை பாலதெட்டிக்கைப் புகழ்வது சரி, மேடையில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேடிலுக்கு அடியில் மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு உலோகத் தலைகள் நிற்கின்றன. செருகாமல் வாசித்தால் என்னுடைய எஃப்-360 பாடும், ஈஎஃப் பேசும். இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சால்டரிங்_சண்முகம்

மறுக்கவில்லை. வீட்டு முற்றத்தில் வாசிக்க எஃப், மேடைக்கு ஈஎஃப். ஆனால் உங்கள் 1977 கிட்டாரின் மேற்பலகையும் நாகுவுடையதும் ஒரே மரத்துண்டு இல்லையே. வித்தியாசம் எவ்வளவு உலோகத்தால், எவ்வளவு மரத்தால் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

ஸ்காபரோ_ரமணன்

பிரிக்க முடியாது. ஆனாலும் என் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது.

ஈட்டி

மரம் என்ற சொல் காதில் விழுந்ததால் உள்ளே வருகிறேன்.

ரோஸ்வுட் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டிதான். தோதகத்தி என்றும் சொல்வோம், தாவரவியலில் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. அறுபதுகள் வரை பெரிய கம்பெனிகளின் ஆசை பிரேசில் மரத்தின் மேல்தான் இருந்தது. அது கிடைப்பது அரிதானதும் 1969 வாக்கில் மார்ட்டினே ஈட்டிக்கு மாறியது. ஜப்பான் பட்டியல்களில் பிரேசில் மரத்தை 'ஹக்கராண்டா' என்று எழுதுவார்கள், அந்தச் சொல்லைக் கண்டதும் வாங்குகிறவன் பர்ஸ் தானாகத் திறக்கும். நாகுவின் கிட்டார் அந்த வகை இல்லை, நல்லதாகப் போயிற்று.

நல்லது என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிரேசில் மரம் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய கிட்டாராக இருந்தாலும் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. மற்ற ரோஸ்வுட்கள் எல்லாம் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்குள் வந்து இசைக்காரர்களைத் திண்டாட வைத்தன. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நாகு நாளைக்கு இதைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாலும் மரத்தின் பேரால் தொல்லை இருக்காது.

நம் ஊரில் மரம் வெட்டுவது தனிக் கதை. ஈட்டியைக் காப்பதற்கு என்றே தமிழ்நாட்டில் 1994-ல் சட்டம் போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட நினைத்தபடி வெட்டக் கூடாது என்று அதில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒன்று நிற்கிறது. நான் கையால் தொடுவதோடு சரி.

பல்லாவரம்_பாஸ்

அப்படியானால் நம் மலை மரம் ஜப்பானுக்குப் போய், கிட்டாராகி, அமெரிக்காவுக்குப் போய், நாகு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறது!

ஈட்டி

தோல் மட்டும், தம்பி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் கவிதை எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். எந்த மலை மரம் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

எடிசன்_நாகு

சேடிலை உருவிவிட்டேன். படம் போடுகிறேன், உட்கார்ந்துகொண்டு பாருங்கள்.

சேடிலின் அடி நேராகத்தான் இருக்கிறது. அதன் கீழே பள்ளத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பழைய கிரெடிட் கார்டு ஒன்றைக் கத்தரிக்கோலால் நீளமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். புடைப்பு எண்கள் உள்ள வரிசையையே பார்த்து வெட்டியிருக்கிறார்! எண்களை மறைத்துத்தான் படம் எடுத்திருக்கிறேன்.

பல்லாவரம்_பாஸ்

கடனிலேயே ஓடிய கிட்டார்.

சால்டரிங்_சண்முகம்

முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தீக்குச்சி பார்த்திருக்கிறேன், பஸ் டிக்கெட், சிகரெட் அட்டை, ஒரு முறை வெற்றிலைக் காம்பு. கிரெடிட் கார்டு இதுதான் முதல் தடவை.

உங்கள் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. கழுத்து ஒரு காலத்தில் பின்னால் போய்க் கம்பி ஃப்ரெட்டில் மோதியிருக்கும். ஆக்‌ஷனை (கம்பியின் உயரத்தை) உயர்த்த அந்த மனிதர் கார்டை வெட்டி வைத்தார். சாதாரணக் கிட்டாராக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதில் ஆறு தலைகள் நிற்கின்றன. புடைப்பு எண் எந்தத் தலையின் மேல் உட்கார்ந்ததோ அங்கே அழுத்தம் முழுதாக விழும். இரண்டு எண்களுக்கு நடுவில் அகப்பட்ட தலைக்குச் சேடில் பட்டும் படாமல் நிற்கும். மூன்றாம் கம்பி அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டது. செருகாமல் வாசிக்கும்போது ஒலி பிரிட்ஜ் வழியாகப் பலகைக்குப் போய்விடுகிறது, அதனால் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கார்டை எடுத்துவிட்டு வெறும் சேடிலை வையுங்கள். கம்பி மோதினால் டிரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை, கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். அப்போதும் மோதினால் புதிதாக எலும்புச் சேடில் ஒன்று கொஞ்சம் உயரமாகச் செதுக்கிக்கொள்ளலாம். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி அதன் மேல் தேயுங்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும்.

அப்புறம் அந்தக் கரகர. பேட்டரி முனையில் உள்ள உப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, ஒரு நாள் காய விடுங்கள். ஸ்லைடரின் சந்தில் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு இருபது தடவை மேலும் கீழும் தள்ளுங்கள். மரத்தின் மேல் தெளித்துவிடாதீர்கள், பாலிஷ் போய்விடும்.

நகோயா_நடை

நீங்கள் ரிப்பேரில் இருந்த நேரத்தில் நான் ஒரு வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நாகுவின் கிட்டார் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு வரலாமே என்று சூவோ ரயிலில் ஏறிவிட்டேன்.

நகோயாவிலிருந்து நகட்சுகாவா வரை ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் சகாஷித்தா. முன்பு தனி ஊர், 2005-ல் நகட்சுகாவாவோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்டேஷனில் இறங்கியவன் நான் ஒருவன்தான். சுற்றிலும் மலை, கீழே கிசோ ஆறு. டக்கமினே என்ற மலையின் பெயர்தான் கம்பெனிக்கு. ஞாயிறு என்பதால் ஆலை பூட்டிக் கிடந்தது, அதை யோசிக்காமல் போனது என் தப்பு. பக்கத்தில் மரக்கட்டை அடுக்கிய முற்றங்கள் நிறைய, காற்றில் ஹினோக்கி வாசனை. கிசோ பள்ளத்தாக்கு ஹினோக்கி மரத்துக்குப் பேர் போனது, ஈசே கோயிலைப் புதுப்பிக்க இங்கிருந்துதான் மரம் போகிறது. மரம் அறுக்கும் கை தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடத்தில் கிட்டார் செய்ய ஆள் தேட வேண்டியிருந்திருக்காது என்று நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

அதே ரயிலில் அப்படியே மேலே போனால் மட்சுமோட்டோ வருகிறது. ஐபனேஸுக்குக் கிட்டார் செய்த ஃபுஜிகென் அங்கே. ஐபனேஸின் சொந்தக்காரக் கம்பெனி ஹோஷினோ இந்த முனையில், நகோயாவில். நடுவில் டக்கமினே. கே. யைரியின் கிட்டார்ப் பட்டறையும் இதே கிஃபு மாவட்டத்தில் கானி என்ற ஊரில் இருக்கிறது. ரமணன் அண்ணன் சொன்ன வழக்கின் ஒரு பக்கம் முழுக்க ஒரு ரயில் பாதையில் அடங்கிவிடும்.

ஆலைக்கு உள்ளே போக முடியாத துக்கத்தில் நகட்சுகாவாவில் இறங்கிச் செஸ்ட்நட் இனிப்பு வாங்கித் தின்றேன். குரிகின்டோன் என்று பெயர். நம் ஊர் பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஸ்காபரோ_ரமணன்

யைரியின் பெயர் வந்ததால் ஒன்று. அவர்களுடைய எண்ணை டக்கமினே மாதிரிப் படித்துவிடாதீர்கள், பலர் ஏமாந்திருக்கிறார்கள். யைரியில் முதல் இரண்டு இலக்கம் சக்கரவர்த்தியின் ஆட்சி ஆண்டு. 56 என்றிருந்தால் ஷோவா 56, அதோடு 25 கூட்டினால் 81. நாகுவின் கிற்றார் பிறந்த அதே வருடம். 1989-க்குப் பிறகு ஹெய்செய் தொடங்கிவிட்டதால் கூட்ட வேண்டியது 88. ஒருவர் என்னிடம் '1956 யைரி' என்று ஒன்றை விற்க வந்தார். நல்ல மனிதர், உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

பல்லாவரம்_பாஸ்

ஒரு சந்தேகம். அக்கூஸ்டிக்கில் பிக்கப் வைப்பதையே டக்கமினேதான் முதலில் செய்ததா?

ஸ்காபரோ_ரமணன்

இல்லை, தம்பி. கிப்சன் 1954-லேயே ஜே-160ஈ விட்டது. பீட்டில்ஸ் குழுவின் லெனனும் ஹாரிசனும் 1962-ல் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஆனால் அதில் இருந்தது காந்த பிக்கப், மேற்பலகையும் ஊளைக்குப் பயந்து ஒட்டுப்பலகை. பிறகு ஓவேஷன். ஹெலிகொப்டர் செய்துவந்த சார்ல்ஸ் கமன் 1966-ல் வட்ட முதுகு வைத்துக் கிற்றார் செய்யத் தொடங்கினார், 1970-ஐ ஒட்டிச் சேடிலுக்குள் பீசோ வந்துவிட்டது. பாடகர் கிளென் கேம்பல் தொலைக்காட்சியில் அதை வாசித்து ஊருக்கே காட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், டக்கமினேயை அமெரிக்காவில் விற்றதும் அதே கமன் கம்பெனிதான். வட்ட முதுகு மடியில் வழுக்குகிறது என்று சொன்னவர்களுக்குத் தட்டை முதுகு கொடுத்தார்கள். அந்த வழியாகத்தான் நாகுவின் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கும். பிறகு ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீன் கையில் கறுப்பு ஈஎஃப்-341 வந்தது, அதற்குமேல் விளம்பரம் தேவைப்படவில்லை.

அதனால்தான் 'அபூர்வம்' என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த எண்ணைப் பாருங்கள், ஒரு செவ்வாய்க்கிழமையில் குறைந்தது இருபத்தைந்து கிற்றார் செய்திருக்கிறார்கள்.

சால்டரிங்_சண்முகம்

ஆனால் அந்த இருபத்தைந்தில் இன்றைக்கு எத்தனை பக்கப்பலகை வெட்டுப்படாமல் இருக்கும்? மூன்று ஸ்லைடர் பெட்டி கெட்டதும் எல்லோரும் பல்லாவரத்துத் தம்பி சொன்னதைத்தான் செய்தார்கள். பழையதைப் பிடுங்கி, துளையைப் பெரிதாக அறுத்து, புதியதைச் சொருகினார்கள். என் மேசைக்கு வந்த பழைய ஈஎஃப்களில் முதல் பிரீஆம்போடு வந்தது மூன்றுதான். அதில் ஒன்று தண்ணீரில் விழுந்தது.

நாகு, பழைய துளையை அளந்தீர்களா?

எடிசன்_நாகு

அளந்தேன். இப்போதைய பெட்டி அதற்குள் போகாது, இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும். அறுக்கப் போவதில்லை.

நேற்று இரவு நடந்ததைச் சொல்கிறேன். கார்டை எடுத்தேன். வெறும் சேடிலை வைத்தால் ஆறாம் கம்பி கீழே இறங்கிவிட்டது, ஆனால் முதல் ஃப்ரெட்டிலும் இரண்டாம் ஃப்ரெட்டிலும் லேசாக மோதியது. டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினேன். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் மோதல் போய்விட்டது, கம்பி கொஞ்சம் ஏறியிருக்கிறது. பேட்டரி முனை சுத்தமாகிவிட்டது. ஸ்லைடரை எண்ணி இருபது தடவை தள்ளினேன், வால்யூம் வெண்ணெய். பாஸ் இன்னும் நடுவில் ஒரு இடத்தில் கரகரக்கிறது.

மூன்றாம் கம்பி வந்துவிட்டது. ஆறும் ஒரே வரிசையில் நிற்கின்றன. செருகி வாசித்தபோது எதிர்பார்க்காத ஒன்று. பீசோ என்றாலே பிளாஸ்டிக் தட்டு மாதிரி 'டக் டக்' என்று கேட்கும் என்று நினைத்திருந்தேன். பலமாக அடித்தால் அந்த வாத்துக் குரல் கொஞ்சம் இருக்கிறது. மெல்ல விரலால் மீட்டினால் இல்லை. ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே வைத்தால் தடிமனான ஒலி.

ஒரே தொல்லை, ஆம்புக்குப் பக்கத்தில் நின்றால் ஐந்தாம் கம்பி சும்மா இருக்கும்போதே உறுமத் தொடங்குகிறது.

சால்டரிங்_சண்முகம்

அது கோளாறு இல்லை. அந்த அளவு உடம்புக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாக அதிரும். ஐந்தாம் கம்பி 110. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் எட்டிப் பார்ப்பார். துளைக்கு ஒரு ரப்பர் மூடி போடுங்கள், பாஸ் ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்குங்கள், ஆம்பை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

பாஸ் ஸ்லைடர் இன்னொரு சொட்டில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டி வரலாம், நாற்பது வருடத்தில் அவை காய்ந்திருக்கும். அவசரம் இல்லை. வேலை செய்வதைத் திறக்காதீர்கள். இனி இரண்டு மாதத்துக்கு மேல் வாசிக்கவில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஸ்காபரோ_ரமணன்

செருகாமல் வாசித்தால்?

எடிசன்_நாகு

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். கார்டை எடுத்த பிறகு கூடியிருக்கிறது. பாடுகிறதா பேசுகிறதா என்று சொல்ல எனக்கு உங்கள் எஃப்-360-ஐயும் மடியில் வைக்க வேண்டும்.

ஸ்காபரோ_ரமணன்

எட்டு மணி நேரக் கார் பயணம். கோடையில் வருகிறேன். குரிகின்டோன் கிடைத்தால் கொண்டு வரச் சொல்லி நகோயாக்காரருக்கு எழுதுங்கள்.

பல்லாவரம்_பாஸ்

சர்ச்சில் இருக்கிற 1984 கிட்டாரின் சேடிலை இப்போதுதான் உருவிப் பார்த்தேன். அடியில் மடித்து வைத்த காகிதம். ஜெப அட்டையின் ஓரம். ஃபாதரிடம் சொல்ல வேண்டுமா?

சால்டரிங்_சண்முகம்

ஒலி சமமாக இருக்கிறதா?

பல்லாவரம்_பாஸ்

சமமாகத்தான் இருந்தது. இப்போது திரும்ப வைக்கத்தான் தெரியவில்லை.

சால்டரிங்_சண்முகம்

நாளை மாலை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சாலிகிராமம் வா. அட்டையையும் எடுத்து வா.